நடுவில் நிற்பவர்

சிநேகிதர் – 7

அகஸ்டினைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் போட்டிருக்கிறார். உயிர் நண்பனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, சொந்த ஊரில் இருக்க முடியாமல் கார்த்தேஜுக்கு ஓடிய அகஸ்டினைப் பார்த்ததும் தன்னுடைய முடிவு சரிதான் என்று தோன்றியதாம். யாரையும் ஓர் அளவுக்கு மேல் அண்டவிடக் கூடாது. மனதில் உள்ளதைச் சொல்ல ஆண்டவர் ஒருவர் போதும் என்பது அந்த முடிவு.

அந்த ஆண்டவர்தான் பாடுபடுவதற்கு முந்தின இரவில் சீடர்களைச் சிநேகிதர் என்று அழைத்தார். கெத்செமனேயில் மூன்று பேரைப் பக்கத்தில் விழித்திருக்கச் சொல்லிக் கேட்டார். அவர்கள் தூங்கிப்போனார்கள். எழுப்பி மறுபடியும் கேட்டார். மனிதர்களுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் மூலையாக விசுவாசத்தை ஆக்கிக்கொள்கிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; பட்ட அடி அப்படி. அவர்களுக்காகத்தான் டீட்ரிஷ் போன்ஹோஃபரிடம் போகிறேன்.

ஹிட்லரை எதிர்த்துத் தூக்கில் உயிர்விட்ட ஜெர்மானியப் போதகர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். சுலபத்தில் யாரிடமும் மனம் திறக்காதவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெர்லினில் வசதியும் படிப்பும் நிறைந்த குடும்பம். அப்பா மனநல மருத்துவப் பேராசிரியர். உணர்ச்சியைக் கொட்டிப் பேசுவது அந்த வீட்டு வழக்கமல்ல. பன்னிரண்டு வயதில் அண்ணன் வால்ட்டரை முதல் உலகப்போரில் இழந்தார். வளர்ந்தபின் மரியாதையும் அன்பும் உள்ளவர் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் உள்ளே எவருக்கும் சுலபத்தில் இடம் கொடுத்ததில்லை.

1935-ல், 29 வயதில், நாஜிகளுக்குப் பணியாத ‘அறிக்கையிடும் திருச்சபை’க்காக இளம் போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பால்டிக் கடலோரம் சிங்ஸ்டில் தொடங்கி, சில வாரங்களில் ஸ்டெட்டின் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஃபிங்கன்வால்டேவுக்கு மாறினார்கள். பழைய பெரிய வீடு, ஒரு சமயத்தில் இருபது சொச்சம் மாணவர்கள். காலையும் மாலையும் ஜெபம்; தினமும் அரைமணி நேரம் மௌனமாக வேதவசனத் தியானம். மாணவர்கள் முணுமுணுத்தார்கள்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. பக்கத்தில் இல்லாத சகோதரனைப் பற்றி யாரும் பேசக் கூடாது. தவறிப் பேசிவிட்டால் அதை அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். நான் திரும்பத் திரும்ப நினைக்கும் சட்டம் இது. நம் ஊரில் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நெஞ்சுபாரம் தாங்காமல் ஒரு பெண் சொன்ன விஷயம், “அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க” என்ற பேரில் ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலு வீட்டுக்குப் போய்விடுகிறது. அதற்கப்புறம் அந்த அம்மா யாரிடம் வாய் திறப்பார்? நெருங்கப் பயப்படுகிறவர்களில் பலருக்கு அந்தப் பயம் இப்படி வந்ததுதான். அவர்களுக்கு மனவியாதி ஒன்றும் இல்லை. நாக்கைக் கட்டத் தெரியாத சபை, நெருக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து பயனில்லை.

திருவிருந்துக்கு முந்தின நாள், ஒருவரோடொருவர் ஒப்புரவாகும்படியும், விரும்பினால் ஒரு சகோதரனிடம் தனிமையில் பாவ அறிக்கை செய்யும்படியும் போன்ஹோஃபர் மாணவர்களிடம் சொன்னார். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் உள்ளதுதான். ஆனால் புராட்டஸ்டண்டு பிள்ளைகளுக்கு அது புதிது. கூச்சப்பட்டார்கள். ஒருநாள் அவரே, இதில் எந்த அனுபவமும் இல்லாத மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு, தன் பாவ அறிக்கையைக் கேட்கச் சொன்னார். ஆசிரியர் மாணவனிடம்! அந்த வீட்டில் இறுக்கம் தளர அதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

கிராமத்துப் போதகர் ஒருவரின் மகன் எபர்ஹார்ட் பெத்கே அங்கே மாணவராக வந்தவர்தான். போன்ஹோஃபரின் பாவ அறிக்கையைக் கேட்பவராகவும் ஆயுள் நண்பராகவும் ஆனார். போன்ஹோஃபரை அவ்வப்போது ஒரு கடும் மனச்சோர்வு பிடித்து ஆட்டும். அது பெத்கேவுக்குத் தெரியும்.

நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாப்போ 1937-ல் ஃபிங்கன்வால்டேவை இழுத்து மூடியது. அடுத்த ஆண்டு போன்ஹோஃபர் கோட்டிங்கன் நகரில் தன் இரட்டைச் சகோதரி ஸபீனாவின் வீட்டில் உட்கார்ந்து, நாலே வாரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய வாழ்வைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். வீட்டில் ஸபீனா இல்லை. அவர் கணவர் யூத வம்சத்தவர் என்பதால் குடும்பமே நாட்டைவிட்டுத் தப்பியிருந்தது. கூடி வாழ்வதைப் பற்றிய புத்தகம், கூடப் பிறந்தவள் துரத்தப்பட்ட வீட்டில் எழுதப்பட்டது.

அதில் அவர் சொல்வதை என் வார்த்தையில் சொல்கிறேன். எனக்கும் என் நண்பனுக்கும் நடுவில் கிறிஸ்து நிற்கிறார். அவனை நான் நேரடியாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அவன் என்னை விழுங்கவும் முடியாது. நெருக்கத்தைக் கண்டு நாம் பயப்படுவது இரண்டு காரணத்தால்: என் நிஜம் தெரிந்தால் விட்டுப் போய்விடுவான், அல்லது, விடவே மாட்டான், நான் நானாக இருக்க முடியாது. என் நிஜம் தெரிந்த ஒருவர் என்னை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டாயிற்று என்றால் முதல் பயத்துக்கு வேர் அறுந்துவிடுகிறது. நண்பன் எனக்கு முன்பே அவருக்குச் சொந்தம் என்றால் இரண்டாவதும் போகிறது. நடுவில் ஒருவர் நின்றால் தூரம் கூடும் என்றுதான் நினைப்போம். அனுபவம் வேறாக இருக்கிறது.

பாவத்தை யாரிடம் சொல்வது? இதில் போன்ஹோஃபர் கண்டிப்பானவர். சிலுவையின் கீழ் தன்னை உள்ளபடி பார்த்தவனிடம் சொல். எந்தப் பாவமும் அவனை அதிரவைக்காது. தானே பாவ அறிக்கை செய்யாதவன் பிறருடையதைக் கேட்கக் கூடாது. எல்லோர் பாரத்தையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றவும் கூடாது. வாசகருக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவே: கூட்டத்தில் வேண்டாம், ஒரே ஒரு ஆள், அதுவும் உங்களிடம் தன் குறையைச் சொல்லத் துணிந்தவர்.

1943 ஏப்ரல் 5 அன்று போன்ஹோஃபர் கைதானார். அடுத்த மாதம் அவருடைய அக்காள் மகள் ரெனாட்டாவை பெத்கே மணந்தபோது, டேகல் சிறையிலிருந்து திருமணப் பிரசங்கம் எழுதினார். நண்பன் இன்னொருவரின் கணவனாவதை வாழ்த்தியே எழுதினார். நவம்பரில் தணிக்கைக்குத் தப்பி வெளியே போன முதல் கடிதத்தில், ஆராதனையும் திருவிருந்தும் இல்லாத மாதங்களைச் சொல்லி, முன்போல் நீ எனக்குப் போதகராக இருந்து கேள் என்று பெத்கேயிடம் கேட்டுக்கொண்டு, அந்த மனச்சோர்வைப் பற்றியும் எழுதினார்.

திருமணத்துக்கு உள்ள உரிமையும் அங்கீகாரமும் நட்புக்கு இல்லையே என்று பெத்கே பிற்பாடு ஆதங்கப்பட்டார். போன்ஹோஃபர் 1944 ஜனவரியில் அதற்குப் பதில் எழுதினார். திருமணம், தொழில், அரசு, திருச்சபை எல்லாம் கட்டளையின் பேரில் நிற்பவை. நட்பு சுதந்திரத்தின் நிலத்தில் விளைவது, அதனால்தான் அதற்கு வேலி கிடையாது என்பது அவர் பதிலின் சாரம். சிறைக்குள் இருந்தவர் எழுதியது இது. அதற்குப் பின் அவர் உயிரோடு இருந்தது பதினைந்து மாதத்துக்கும் குறைவு. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோஸன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கடிதங்களைக் காப்பாற்றி 1951-ல் உலகத்துக்குக் கொடுத்தவர் பெத்கே.

அடுத்த வாரம் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போய், யார்க்‌ஷயரில் ரீவோ மடத்துத் தலைவர் ஏல்ரெட்டைப் பார்ப்போம். துறவிகளுக்குள் தனி நட்பு கூடுமா என்று கேட்டவர்களுக்கு, கூடும் என்று ஒரு புத்தகமே எழுதியவர் அவர்.

(தொடரும்)