முதல் இரண்டு வாரம்

ஆங் மோ கியோ டிரைவில் இருக்கிறது தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரி. கழகத்தின் ஆங்கிலச் சுருக்கம் ஐடிஇ. அதை ‘இட்ஸ் தி எண்ட்’ என்று விரித்துக் கேலி செய்வது சிங்கப்பூரில் நெடுநாள் வழக்கம். பதினேழு வயதுப் பிள்ளையிடம் ‘உன் கதை முடிந்தது’ என்று சொல்லும் கேலி அது.

அந்தக் கேலிக்கு வேர் பள்ளியிலேயே உண்டு. மாணவர்களைத் தரம் பிரிக்கச் சொன்னது 1979இல் வெளியான, அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் அறிக்கை. உயர்நிலைப் பள்ளிகளில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் வந்தன. தொடக்கப்பள்ளியில் பின்னாளில் இஎம்1, இஎம்2, இஎம்3; இஎம்3தான் கடைசிப் பிரிவு. படிப்பைப் பாதியில் விடுவோர் இதனால் வெகுவாகக் குறைந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் இஎம்3 என்பதே வசைச்சொல்லாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளின் வலியை வைத்து இயக்குநர் ஜாக் நியோ 2002இல் ‘ஐ நாட் ஸ்டுப்பிட்’ என்று படமே எடுத்தார். வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்குப் பிள்ளையின் முகம் தெரியும் முன்பே அதன் தரம் தெரிந்திருந்தது.

அப்படித் தெரிவதால் என்ன ஆகிவிடும்?

இதைச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும். கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, ‘இவர்கள் சீக்கிரம் மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியிருந்தது. 1968இல் நூலாக வந்த இந்த ஆய்வின் கணக்குகளைப் பலர் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ‘ஆசிரியர் நம்பினால் போதும், பிள்ளை மேதையாகிவிடும்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நடப்பது அதைவிடச் சின்ன விஷயம். ப்ரோஃபி, குட் என்ற இருவர் 1970இல் வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்தார்கள். ‘கெட்டிக்காரப்’ பிள்ளை விடை தெரியாமல் விழித்தால் ஆசிரியர் கேள்வியை மாற்றிக் கேட்டார், குறிப்புக் கொடுத்தார். மற்றப் பிள்ளை விழித்தால் அடுத்தவரிடம் போய்விட்டார். வேண்டுமென்று செய்வதல்ல இது. தினமும் நடந்தால், கை தூக்குவதையே அந்தப் பிள்ளை நிறுத்திவிடும்.

ஸ்டீஃபன் ராடன்புஷ் என்ற ஆய்வாளர் 1984இல், ரோசந்தால் செய்தது போன்ற 18 சோதனைகளை அலசினார். மாணவரோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிய ஆசிரியரிடம், வெளியார் சொன்ன முன்கணிப்பு ஏறக்குறைய எடுபடவே இல்லை. இந்தியாவில் ரேமா ஹன்னா, லீ லிண்டன் நடத்திய சோதனையில், விடைத்தாளின் மேல் சாதியை மாற்றி மாற்றி எழுதித் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதிய தாள்களுக்குச் சற்றே குறைவான மதிப்பெண். அந்த ஓரவஞ்சனை முதலில் திருத்திய தாள்களில்தான் அதிகம். ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாத நேரத்தில்தான் முத்திரை பேசுகிறது.

சிங்கப்பூர் இஎம்3ஐ 2008இல் கைவிட்டது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் போயின. எல்லாரும் ஒரே வகுப்பில் கலந்து உட்கார்கிறார்கள்; ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலை பாடத்துக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. அந்த எண்களும் பட்டப்பெயராகிவிடக் கூடாது.

ஜனவரியில் புது வகுப்பாசிரியரைச் சந்திக்கும் பெற்றோர், ‘இவனுக்குக் கணக்கே வராது டீச்சர்’ என்று தாங்களே தொடங்கி வைக்க வேண்டாம். போன ஆண்டு அவன் எந்த இடத்தில் சிக்கினான், எதைத் தானே சமாளித்தான் என்று சொல்லுங்கள்.