உறவேடும் கணிப்பொறியும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் மூணாறு, மறையூர், வட்டவடை, பீருமேடு முதலிய இடங்களிலும் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது எல்லைக்கோடு ஒன்றாயிற்று. உறவுகளோ கோட்டின் இருபுறமும் நின்றன. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய வழிகளில் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் இன்றும் அக்கோட்டைக் கடந்து வருகின்றனர். நேயர்களுள் சிலர் அவ்வூர்களைவிட்டு இன்னும் நெடுந்தொலைவில், தில்லியிலோ மும்பையிலோ கல்கத்தாவிலோ வாழக்கூடும். ஆயினும் ஊர்ச் சங்கத்துக்குச் சந்தாவும் கல்வி நிதிக்கு நன்கொடையும் அனுப்புவதை விட்டவர் சிலரே.

அவ்வாறு அனுப்பும் பணமும் கடிதமும் எந்த ஏட்டில் சென்று பதிகின்றன? அந்த ஏடு நம்மை அறிந்திருக்கிறதா? இக்கேள்வி சிறியதுபோல் தோன்றும். சிறியதன்று என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுகிறேன்.

என் தந்தையார் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். அவர் மறைந்தபின்னும் நான்கு ஆண்டுகள் அவர் பெயருக்குச் சந்தா நினைவூட்டு அஞ்சலட்டை வந்துகொண்டேயிருந்தது. அம்மா ஒவ்வொன்றையும் படித்துவிட்டுப் பெட்டிக்குள் வைப்பார். அதே காலத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி அச்சங்கத்தின் கல்வி நிதிக்கு விண்ணப்பித்தாள். 'உறுப்பினர் குடும்பத்தைச் சேர்ந்தவரல்லர்' என்று மறுமொழி வந்தது. அவளுடைய தாத்தா பழைய உறுப்பினரே. சந்தா ஏட்டில் அவர் பெயர் 'பெ. முருகன்'. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட குடும்பச் சான்றுகளில் அவரே 'முருகன் பி.'. பெருமாள் என்னும் தந்தை பெயரின் முதலெழுத்து ஆங்கிலத்துக்குச் சென்று திரும்பும்போது 'பி' ஆயிற்று. கேரள வழக்கப்படி பெயருக்குப் பின்னாலும் சென்றது. ஏடு இருவரென்று கண்டது, இருந்தவர் ஒருவர். உண்மை தெரிவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. அப்பெண் ஓராண்டை இழந்தாள்.

சங்கத்தார் தீயவரல்லர். அவர்களிடம் ஏடுகள் இருந்தன. ஏடுகளுக்கிடையே உறவு இல்லை. சந்தா ஒரு புத்தகத்தில், நன்கொடை மற்றொன்றில், உதவி பெற்றோர் பட்டியல் வேறொருவர் வீட்டில். இறப்புச் செய்தி ஓர் ஏட்டில் பதிந்தாலும் மற்றவை அதனை அறியா.

இக்குறையைப் போக்கவே உறவு மேலாண்மைத் தரவுத்தளம் என்னும் கணிப்பொறி ஏற்பாடு தோன்றியது. முதலில் வணிகர்களே இதனைக் கையாண்டனர். ஆகையால் 'வாடிக்கையாளர் உறவு மேலாண்மை' என்று பெயர் பெற்றது. தொண்டு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் ஏது? உறுப்பினர், கொடையாளர், தொண்டர், உதவி பெறுவோர் என்போரே உண்டு. ஆங்கிலத்தில் இவர்கள் அனைவரையும் குறிக்கத் தேர்தல் தொகுதி மக்களைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொண்டனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் 'சார்ந்தோர்' என்னும் சொல்லைப் பரிந்துரைப்பேன். நிறுவனம் அவர்களைச் சார்ந்தது. அவர்களும் அதனைச் சார்ந்தவர்கள்.

இதன் அடிப்படை எளிது. ஒருவருக்கு ஒரே பதிவு; அப்பதிவுக்கு மாறாத எண் ஒன்று. பெயர் மாறலாம், முகவரி மாறலாம், எழுத்து மாறலாம், எண் மாறாது. சந்தா, நன்கொடை, கடிதம், உதவி ஆகிய யாவும் பெயரோடன்றி அந்த எண்ணோடு பிணைக்கப்படும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு 'சிவிசிஆர்எம்' என்னும் மென்பொருள். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த இது, தொண்டு நிறுவனங்களுக்கென்றே அமைந்த கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம், திருத்தியும் கொள்ளலாம். தனிநபர், குடும்பம், நிறுவனம் என மூவகைப் பதிவுகள் இதில் உண்டு. உறவை ஒருமுறை எழுதினால் இருபுறமும் தெரியும்: ஒருவர் பதிவில் 'பெற்றோர்' என்றால் மற்றவர் பதிவில் 'பிள்ளை' என்று தானே தோன்றும். ஒருவர் மறைந்தார் என்று ஒருமுறை குறித்துவிட்டால், மொத்தமாக அனுப்பும் மின்மடல்களிலிருந்து அவர் பெயர் நீங்கிவிடும். பிறந்த நாள், தொலைபேசி எண், பெயர் முதலியவற்றை ஒப்பிட்டு, 'இவ்விரு பதிவும் ஒருவருடையனவோ' என்று ஐயம் எழுப்பும் பகுதியும் உண்டு. ஐயம் எழுப்புவதே அதன் வேலை. முடிவு செய்வது மனிதர் கடமை. முருகன் தாத்தாவின் இரு பெயர்களும் இங்கே ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

குடும்பம் என்னும் பதிவு ஏன் வேண்டும் என்று சிலர் வினவலாம். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் நேர்ந்த மண்சரிவை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்விகமாகக் கொண்ட தமிழர். தோட்டத்தின் பேரேடு உழைப்பவரின் பெயரை அறியும்; அது கூலி வழங்குவதற்கான ஏடு. லயத்து அறையிலோ முதியோர் இருப்பர், குழந்தைகள் இருப்பர், விடுமுறைக்கு வந்த உறவினர் இருப்பர். இத்தகைய வேளையில் உதவிக்கு விரையும் நிறுவனத்துக்கு வேண்டுவது, 'இவ்வறையில் யார் யார்? அவர்களுக்கு வேறு ஊரில் உறவினர் யார்?' என்னும் இரு வினாக்களுக்கான விடை. அதனைத் தருவது கூலி ஏடன்று; உறவேடு.

இவ்வுண்மையை முன்னரே கண்டவர்கள் இலங்கையர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் அத்தீவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவி நிறுவனங்கள் பல வந்தன; எவர் எங்கே எதைச் செய்கிறார் என்பதைத் தொகுத்துக் காட்டும் ஏடு இல்லை. லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சேர்ந்த தன்னார்வலர் சில வாரங்களில் 'சஹானா' என்னும் மென்பொருளை உருவாக்கினர். துயர் துடைத்தல் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிப் பதிவேடுகள். எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. அதனைப் பின்னர் 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பயன்படுத்தினர். கேரளத்திலும் 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது தன்னார்வலர் 'கேரள ரெஸ்க்யூ' என்னும் தளத்தை அமைத்து உதவி வேண்டுவோரின் விவரங்களைத் திரட்டினர். ஒரே வீட்டின் வேண்டுகோளைப் பலர் பலமுறை பதிந்தமையால், தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்கும் வேலையும் பெரிதாயிற்று. ஒருவரைப் பலராக எண்ணினால், மற்றொருவருக்குச் செல்லவேண்டிய படகு தாமதிக்கும்.

இனி, மென்பொருள் இணைப்பு என்னும் இரண்டாம் செய்திக்கு வருவோம். ஒரு சங்கத்துக்கு நன்கொடை பெறும் இணையத்தளம் இருக்கும். கணக்கு எழுதும் மென்பொருள் இருக்கும். குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருக்கும். இவை தனித்தனியே நின்றால், முன்னர்க் கூறிய மூன்று புத்தகங்களின் கதையே கணிப்பொறியில் மீண்டும் நிகழும். இவற்றுக்கிடையே செய்தி தானே சென்று சேருமாறு வழி அமைப்பதே இணைப்பு. தில்லியிலிருந்து ஒருவர் ஐந்நூறு ரூபாய் அனுப்பினால், அது அவருடைய எண்ணோடு உறவேட்டில் பதிய வேண்டும். கணக்கில் ஏற வேண்டும். பற்றுச்சீட்டு அவருக்குச் செல்ல வேண்டும். வரிச்சலுகைக்குரிய நன்கொடைகளைக் கொடையாளர்தோறும் பிரித்து வருமான வரித்துறைக்கு அறிக்கை தரும் கடமையும் 2021-ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. ஆகவே இவ்விணைப்பு ஆடம்பரமன்று.

இணைப்பில் மூன்று விதிகளை மறத்தலாகாது. முதலாவது, எந்த விவரத்துக்கு எந்த ஏடு தலைமை என்று முன்னரே முடிவு செய்தல். முகவரிக்கு உறவேடு தலைமை, தொகைக்குக் கணக்கேடு தலைமை என்று வகுத்துவிட்டால், இரண்டும் முரண்படும்போது எதனை நம்புவது என்னும் குழப்பம் எழாது. இரண்டாவது, பழைய பட்டியல்களை ஏற்றுமுன் தூய்மை செய்தல். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டெழுதிய பட்டியல்களை அப்படியே ஏற்றினால் பொருளற்ற குறிகளே தோன்றும். யூனிக்கோடு முறைக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். எல்லைப் பகுதி மக்களுக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று எழுத்துகளிலும் பெயரைப் பதிந்து வைத்தல் நலம். மூன்றாவது, முதலில் ஒரு படியெடுத்து அதில் சோதித்தல். இருபது பேரின் பதிவுகளை வைத்து ஒரு திங்கள் நடத்திப் பார்த்தபின் முழு ஏட்டையும் மாற்றலாம். மென்பொருள் இலவசமாயினும், அதனை இயக்கும் கணிப்பொறிக்கும் பராமரிப்பவருக்கும் செலவுண்டு. அவரொருவரே அனைத்தையும் அறிந்தவராக இருந்தால், அவர் ஊர் மாறும் நாளில் ஏடும் பூட்டிய பெட்டியாகிவிடும். நூறு குடும்பங்களுக்குட்பட்ட சங்கத்துக்கு, ஒழுங்காக எண்ணிட்ட ஒரே அட்டவணையும் போதுமானதே.

உறவேடு நன்மை செய்வதுபோலத் தீமையும் செய்யவல்லது. நோயாளி யார், கடனாளி யார், உதவி பெற்றவர் யார் என்பன எல்லோரும் காணத்தக்கவை அல்ல. சந்தா வாங்குபவருக்குச் சந்தா விவரம் மட்டும், மருத்துவ உதவிக் குழுவுக்கு மட்டும் மருத்துவ விவரம் எனப் பார்வையுரிமையைப் பிரித்தல் வேண்டும். தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் இயற்றியது. ஒருவரிடம் ஒப்புதல் கேட்கும்போது, அக்கேள்வியை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அவருக்குத் தரவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஓர் ஏற்பாடு. அவ்வட்டவணையில் தமிழும் உண்டு. பீருமேட்டுத் தோட்டத்துப் பாட்டியிடம் கைந்நாட்டு வாங்குமுன், எதற்கு வாங்குகிறோம் என்பதை அவர் மொழியில் கூறவேண்டும் என்பதே இதன் சாரம். சட்டம் வருமுன்னரும் அது நல்லொழுக்கமே.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊர்ச் சங்கத்துக்கு அடுத்த முறை பணம் அனுப்பும்போது நான்கு வரிகளும் எழுதுங்கள்: இப்போதைய முகவரி, பெயரை மூன்று எழுத்துகளிலும் எழுதும் முறை, குடும்பத்தில் பிறந்தோர், மறைந்தோர். ஏடு புத்தகமாயினும் கணிப்பொறியாயினும் சொன்னதைத்தான் அறியும். என் தந்தையார் மறைந்த செய்தியைச் சங்கத்துக்கு நானும் எழுதவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். ஐந்தாம் ஆண்டில் எழுதினேன். அதன்பின் அம்மாவுக்கு அஞ்சலட்டை வரவில்லை. மாறாக, தந்தையார் பெயரால் அக்கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை சென்றுகொண்டிருக்கிறது.