பலகையில் திறப்பு வெட்டும் கருவிகள்

விழுப்புரம், திண்டிவனம் வீடுகளில் தரை பெரும்பாலும் சிமெண்டு அல்லது டைல்ஸ். பலகைத் தரை அரிது. தச்சர்கள் திறப்பு வெட்டுவது சமையலறை, டிவி அலமாரிகளில்தான். குழாய்க்கும் வயருக்கும் வட்டத் துளையிட, ட்ரில்லில் பூட்டும் ஹோல் சா போதும். சதுரத் திறப்புக்கு மூலைகளில் துளையிட்டு ஜிக்சா பிளேடை இறக்குவார்கள்.

இதைவிடப் பிரிட்டனின் சிப்போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திய பலகை) தரைகளில் திறப்பு வெட்டும் வேலை கடினம். பலகைக் கனம் வழக்கமாக 18 அல்லது 22 மில்லிமீட்டர். அடியில் உத்தரம், குழாய், மின்கம்பி எல்லாம் ஓடும். ஜிக்சா பிளேடு அவற்றை எட்டிவிடும். வெட்டும் ஆழத்தைப் பலகைக் கனத்தோடு நிறுத்தும் வட்ட ரம்பமே அங்கே நல்லது. ஆனாலும் அடியில் ஓடும் கம்பிகளின் மின்சாரத்தை நிறுத்தாமல் தரையை வெட்டவே கூடாது. சிப்போர்டிலுள்ள பசை சாதாரண ரம்பப் பல்லைச் சீக்கிரம் மழுக்கும். கார்பைடு பல் தாங்கும். வெட்டிய துண்டை மீண்டும் மூட, திறப்பின் ஓரங்களில் அடிப்புறமாக மரச்சட்டத்தைத் திருகாணியால் பொருத்த வேண்டும்.