ஹாலிஎல தோட்டப் பாதைக்கு ஜிம்னிக்கு என்ன டயர்?

ஹாலிஎல சந்தியில நிக்கிறோம். பண்டாரவளை ரோடும் வெலிமடை ரோடும் சேர்ற இடம். இங்க வரைக்கும் தார். தோட்டத்துக்கு ஏறினா கல்லும் சேறும். உங்க ஜீப் ரெண்டுலயும் ஓடணும்.

சுசுகி ஜிம்னியையே எடுப்போம். 2018ல வந்த 1.5 லிட்டர் மொடலுக்கு கம்பனி சைஸ் 195/80 ஆர் 15. டயர் உயரம் ஏறக்குறைய 693 மில்லிமீட்டர். நிறைய பேர் ஆசைப்படுறது 235/75 ஆர் 15, அது 733. நாப்பது மில்லிமீட்டர் கூட. ஆனா வண்டியோட அடி எழும்புறது அதுல பாதிதான், இருபது! அந்த இருபதுக்காக 1.5 லிட்டர் எஞ்சின் ஏத்தத்துல திணறும், இறக்கத்துல பிரேக்குக்குப் பாரம் கூடும். முன்ன சரியா காட்டின மீட்டர்னா, இப்ப 60 காட்டும்போது நீங்க 63க்கு மேல போவீங்க. அகலமான ரிம்மும் தேடணும். எனக்கு அது வேண்டாத செலவு.

215/75 ஆர் 15 போடுங்க. உயரம் 703, வித்தியாசம் ஒன்றரை வீதம். தாருக்கும் கல்லுக்கும் சேர்ந்த ஓல் டெரெய்ன் ரகமா இருக்கட்டும். மட் டெரெய்ன் சேத்துல நல்லா பிடிக்கும். நனைஞ்ச தார்ல அந்தப் பிடி குறையும். நம்ம ஊர்ல ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும் காஞ்ச காத்து, ஒக்டோபர்ல மழை இறங்கிடும். அதுக்கு முன்னமே மாத்திடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். நாலு டயர் புதுசா வாங்கிட்டு, பின்கதவுல பழைய சைஸையே தொங்க விடுறாங்க. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. ஜிம்னியில நடு டிஃபரன்சியல் கிடையாது. நாலு சில்லு இழுவை போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்துல சுத்தும். அதுல ஒரு சில்லு மட்டும் சின்னதா இருந்தா கியருக்கும் அச்சுக்கும் இறுக்கம் ஏறும். பங்சர் ஆகுற இடமோ பெரும்பாலும் அந்த நாலு சில்லு இழுவை தேவைப்படுற கல் ரோடுதான்.

ராத்திரி லயத்துல ஒருத்தருக்குச் சுகமில்லாம போனா, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஜீப்தான் கைக்கு வரும். அந்த நேரத்துல எந்த டயர் கடை திறந்திருக்கும்?

அதனால அஞ்சும் ஒரே சைஸ், ஒரே ரகம். அஞ்சையும் மாத்தி மாத்திப் போட்டா தேய்மானமும் ஒரே அளவா இருக்கும். பக்கச் சுவர்ல நாலு இலக்கம் பாருங்க: 2324ன்னா 2024ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செஞ்சது. பழைய சரக்கு வாங்காதீங்க.

அஞ்சுக்குக் காசு போதாதா? கம்பனி சைஸ்லயே ஓல் டெரெய்ன் நாலு வாங்குங்க. பழையதுல தேயாத ஒண்ணை ஸ்பெயாரா வைங்க. இன்னைக்கே அந்த ஸ்பெயார்ல காத்து இருக்கான்னு பாருங்க, ஜக்கும் சில்லு கழட்டுற சாவியும் வண்டியில இருக்கான்னும் பாருங்க.