பேனா முனையில் ஒரு காப்புரிமைக் கதை

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, அவரைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாதபடி அரசு சில ஆண்டுகளுக்குத் தடை போடும். இதுதான் காப்புரிமை. இந்தியாவில் அதன் ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். பிறகு அந்த நுட்பம் பொதுச்சொத்து. இந்தக் கொடுக்கல் வாங்கலின் நல்லது கெட்டது இரண்டையும் பார்த்த பொருள், பால்பாயிண்ட் பேனா.

முனையில் உருளும் குண்டு வைத்த பேனாவுக்கு 1888-லேயே அமெரிக்காவின் ஜான் லவுட் காப்புரிமை வாங்கிவிட்டார். தோலில் குறியிட அவருக்கு அது தேவைப்பட்டது. சொரசொரப்பான தோலில் எழுதிய பேனா காகிதத்தில் சரிப்படவில்லை. வாங்க ஆளில்லாமல் காப்புரிமை காலாவதியானது.

சிக்கல் மையில் இருந்தது. நீர்த்த மை ஒழுகும். கெட்டியான மை அடைத்துக்கொள்ளும். ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ (நம் வீட்டு இரும்பு பீரோவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) அச்சகத்து மை சட்டென்று காய்வதைக் கவனித்தார். ஆனால், அது ஊற்றுப் பேனாவின் நிப்பில் இறங்காது. சகோதரர் ஜார்ஜுடன் சேர்ந்து, குண்டு உருள உருளக் கசியும் பிசுபிசுப்பான மையை உருவாக்கி, 1938-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போர்க்காலத்தில் அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்து, 1943-ல் அங்கும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தத் தாள்தான் அவர் கையிருப்பு. அதை நம்பியே முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். உயரே பறக்கும்போது ஊற்றுப் பேனா ஒழுகியதால், பிரிட்டன் தன் விமானப்படைக்காக உரிமம் வாங்கியது.

காப்புரிமை என்றால் இரும்பு வேலி அல்ல. அமெரிக்க வணிகர் மில்டன் ரெனால்ட்ஸ், மை தானாகவே கீழிறங்கும்படி அமைப்பை மாற்றி, பீரோவின் உரிமையைச் சுற்றிக்கொண்டு போனார். 1945 அக்டோபரில் நியூயார்க் கடையொன்றில் ஒரு பேனா 12.50 டாலர், வாங்கக் கூட்டம் அலைமோதியது. பேனாவோ சட்டைப்பையை நனைத்தது.

பிரான்சின் மார்செல் பிக், பீரோவின் உரிமையைக் காசு கொடுத்தே பெற்று, 1950-ல் மை தீர்ந்ததும் தூக்கியெறியும் மலிவுப் பேனாவைக் கொண்டுவந்தார். அந்த அறுகோணப் பேனாவின் உடலில் ஊசி முனையளவு துளை ஒன்று தெரியும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமமாக வைத்திருப்பது அதுதான்.

பீரோவின் காப்புரிமைகள் எப்போதோ முடிந்துவிட்டன. பெட்டிக்கடையில் விற்கும் பேனாவுக்காக அவர் குடும்பத்துக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. ஆனால், பிரிட்டனில் அந்தப் பேனாவை இன்றும் அவர் பெயரால் ‘பைரோ’ என்றே கூப்பிடுகிறார்கள்.