மறுபிறவியில் கிடைக்காத காகிதம்

லைட் நாவல் எனப்படும் ஜப்பானிய இளையோர் நாவல்களில் மறுபிறவிக் கதைக்கென்று ஒரு வாய்பாடே உண்டு. நம் உலகில் ஒருவர் அற்பாயுளில் சாகிறார். வாளும் மந்திரமும் ஆளும் வேறோர் உலகில் முற்பிறவி நினைவோடு கண் விழிக்கிறார். அந்த நினைவே வரமாகி, தொட்டதெல்லாம் துலங்குகிறது. மியா கசுகியின் ‘ஹோன்சுகி நோ கெகொகுஜோ’வும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால், தலைக்குள் இருக்கும் அறிவு ஒரு பொருளாக மாற எத்தனை பேருடைய கைகள் வேண்டும் என்பதே அதன் உண்மையான கதை. 2013இல் இணையத் தொடராக ஆரம்பித்து, 2015இலிருந்து டிஓ புக்ஸ் வெளியீடாக அச்சேறி, 2023இல் 33 தொகுதிகளோடு முடிந்தது இந்த நெடுங்கதை.

நாயகி மோதோசு உரானோ புத்தகப் பைத்தியம். நூலக வேலை கைகூடிய நேரத்தில், நிலநடுக்கத்தில் சரிந்த புத்தகங்களுக்கு அடியில் சிக்கி இறக்கிறாள். மறுபடி கண் திறக்கும்போது, எரன்ஃபெஸ்ட் நகரக் காவல் வீரன் ஒருவனின் ஐந்து வயது மகள் மைன். அடிக்கடி காய்ச்சலில் விழும் நோஞ்சான் உடம்பு. அந்த வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லை. தோலில் கையால் எழுதிய நூல்கள் ஏழைகளுக்கு எட்டாத விலை. சரி, நாமே செய்துகொள்வோம் என்று புல்தண்டைப் பின்னிப் பாப்பிரஸ் செய்யப் பார்க்கிறாள். பிஞ்சு விரலுக்கு அது வசப்படவில்லை. களிமண் பலகையில் எழுதினால், சுடும்போது வெடித்துவிடுகிறது. மரச்சில்லுகளில் எழுதிச் சேர்த்துவைக்கிறாள். அம்மா அவற்றை விறகென்று எண்ணி அடுப்பில் போட்டுவிடுகிறாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எழுத்தே தெரியாத வீட்டில் மரம் விறகுதானே!

பக்கத்து வீட்டுச் சிறுவன் லுட்ஸும் வணிகர் பென்னோவும் சேர்ந்த பிறகுதான் காகிதம் சாத்தியமாகிறது. எந்த மரத்தின் பட்டை உதவும், கூழை ஒட்டவைக்கும் பசை எந்தக் காயில் கிடைக்கும் என்பதெல்லாம் மைனின் முற்பிறவிப் படிப்பில் இல்லை. காட்டில் திரிந்த லுட்ஸுக்கு அதில் பாதி தெரியும். பட்டையை ஆவியில் வேகவைத்து உரித்து, ஆற்றில் அலசி, சாம்பலோடு கொதிக்கவைத்து, அடித்துக் கூழாக்கி, சட்டத்தில் அள்ளி உலர்த்த வேண்டும். சட்டத்துக்கும் பாத்திரத்துக்கும் பணம் போட்டவர் பென்னோ. நாவலைப் பெரும்பாலும் மைனே சொல்வதால், வாசகர் அவள் மனத்துக்குள்ளேயே உலவுகிறார். சுசுகா வரைந்த அதன் மங்கா (படக்கதை) வடிவில் நாம் வெளியே நின்று பார்க்கிறோம். அவளுடைய யோசனைக்குப் பக்கத்திலேயே லுட்ஸின் உழைப்பும் கண்ணில் படுகிறது. இந்தக் கதையின் சாரத்துக்கு மங்கா செய்த பெரிய உதவி அதுதான் என்பேன்.

நவீன ஜப்பானியர் ஒருவர் வந்து பின்தங்கிய மக்களைக் கரையேற்றும் கதைதானே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை லுட்ஸே வேறு விதமாகக் கேட்டுவிடுகிறான்: நீ மைன் இல்லை, அவள் எங்கே? அந்தச் சிறுமி காய்ச்சலில் போய்விட்டாள் என்று இவள் ஒப்புக்கொள்ள நேர்கிறது. இன்னொருத்தியின் உடலில், இன்னொருத்தியின் பெற்றோர் நிழலில் வாழ்பவளை மீட்பர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதுக் காகிதம் வந்ததும் தோல்தாள் செய்வோர் எதிர்க்கிறார்கள். ஒப்பந்தங்களுக்குத் தோல்தாளே என்று விட்டுக்கொடுத்த பிறகுதான் வழி பிறக்கிறது. பிழைப்பை இழப்பவர்களையும் ஆசிரியர் மறக்கவில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மைனுக்கு அபார மந்திர சக்தி இருப்பது தெரிந்து, எரன்ஃபெஸ்டை ஆளும் கோமான் அவளைத் தத்தெடுக்கிறான்; கதையும் அதிகாரக் கனவாகிவிடுகிறது என்பார்கள். ஓரளவு உண்மைதான், பிந்தைய பாகங்களில் பட்டறையைவிட அரண்மனைக்கே பக்கங்கள் அதிகம். ஆனால் அந்த ஏற்றத்துக்கு விலையாக, பெற்றவர்களை இனி அம்மா, அப்பா என்று அழைக்கக் கூடாதென்று மந்திர ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்திடுகிறாள். சக்தி வந்ததால் புத்தகம் தானாக அச்சாகிவிடவும் இல்லை. எழுத்துகளை வார்ப்பது கொல்லன் யோஹான், அச்சுப்பொறி செய்வது தச்சன் இங்கோ, மையோடு மல்லுக்கட்டுவது ஹைடியும் அவள் கணவன் யோசெஃபும். அவர்கள் அத்தனை பேருக்கும், நம் உலக அச்சுக்கலை முன்னோடியின் பெயரால் ‘குட்டன்பெர்க்’ என்று பட்டம் சூட்டுகிறாள் மைன்.