நாணேகாட்: சுங்கம் தண்டிய மலைவழி

தான் நடந்து கண்ட நெறியை, எதிர்ப்படும் மற்றொருவனுக்கு எடுத்துக் கூறி, "இவ்வழியே செல்க" என்று அனுப்புவது பழந்தமிழர் மரபு. ஆற்றுப்படை என்னும் நூல்வகை அம்மரபில் தோன்றியதே. காட்டில் எவ்விடம் நீர் கிடைக்கும், எச்சிற்றூரில் இரவு தங்கலாம், அங்கு வாழ்வோர் என்ன உணவு அளிப்பர் என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். மும்பையிலும் புனேயிலும் கல்யாணிலும் குடியேறி வாழும் தமிழ் அன்பர்களுக்கு, அம்முறையில் ஒரு மலைவழியை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

இந்நகரங்களில் 30, 40 ஆண்டுகள் வாழ்ந்தும், நம்மில் பலர் ரயில் நிலையம், அலுவலகம், கோயில், கடைத்தெரு ஆகியவற்றுக்கு அப்பால் இந்நாட்டை அறியோம். விடுமுறை வந்ததும் பிறந்த ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறோம். இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளோ, "நாம் எந்த ஊரார்?" என்று வினவுகின்றனர். அதற்கு நாம் வாயால் கூறும் விடையினும், அவர்களைக் கைப்பற்றி அழைத்துச் சென்று காட்டும் விடை நன்று. அத்தகைய விடை ஒன்று கல்யாணிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் மலைமேல் நிற்கிறது. அதன் பெயர் நாணேகாட்.

'நாணே' என்பது மராத்தி மொழியில் காசைக் குறிக்கும். நம் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு உறவான சொல். 'காட்' என்பது மலையை ஏறிக் கடக்கும் கணவாய். ஆகவே நாணேகாட் என்பதை 'நாணயக் கணவாய்' என்று தமிழில் கூறிவிடலாம். இப்பெயர் ஏன் வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் நிலத்தின் அமைப்பை உணர்தல் வேண்டும். நம் ஊர்ப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை என்று வழங்குவதே இங்குச் சஹ்யாத்ரி என்று பெயர் பெறுகிறது. மேற்கே கடலை ஒட்டித் தாழ்ந்து கிடப்பது கொங்கணம். கிழக்கே உயர்ந்து பரந்து கிடப்பது தக்காணப் பீடபூமி. இரண்டுக்கும் இடையே மலை மதில்போல் நிற்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அலையலையாகப் பரவி, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து இப்பாறை உண்டாயிற்று. ஆதலின் இம்மலைகள் படி படியாகக் காட்சியளிக்கின்றன. கடல்வழி வந்த சரக்கு உள்நாட்டுக்குச் செல்லவும், உள்நாட்டுப் பருத்தியும் மணியும் துறைமுகத்துக்கு இறங்கவும், இம்மதிலில் ஒரு பிளவு வேண்டியிருந்தது. இயற்கை அளித்த பிளவை மனிதன் கல் பரப்பிப் படி செதுக்கி வழியாக்கினான்.

கல்யாணிலிருந்து முர்பாட் வழியாக மால்ஷேஜ் மலைக்குச் செல்லும் பேருந்தில் ஏறி, வைஷாகரே என்னும் சிற்றூரில் இறங்கவேண்டும். ஊரைக் கடந்து சிறிது தொலைவில் காட்டுப்பாதை தொடங்குகிறது. தொடக்கத்தில் வழி சமமாகச் செல்லும். தேக்கும் மருதும் மூங்கிலும் இருபுறமும் நிற்கும். களாச் செடியும் நாவலும் கடுக்காய் மரமும் நமக்குப் பழக்கமானவை. பெயர் மட்டும் இங்கு வேறு. கடுக்காயை 'ஹிர்டா' என்பர். ஜுன்னர் வட்டத்து மலைவாழ் மக்களுக்கு அதைத் திரட்டி விற்பது இன்றும் ஒரு வருவாய்.

மேலே செல்லச் செல்லப் புதர்போல் அடர்ந்து நிற்கும் ஒரு செடியைக் காணலாம். அதற்குக் கார்வி என்று பெயர். இதன் தண்டுகளை நிறுத்திச் சேறும் சாணமும் பூசிக் குடிசைச் சுவர் எழுப்புவர். பெரும்பாலும் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுவதும் ஒருங்கே பூத்து, விதை உதிர்த்துப் பின் இச்செடி மடியும். இது நம் குறிஞ்சிச் செடியின் இனத்தைச் சார்ந்தது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியால் தமிழர் மலைநிலம் முழுவதுக்கும் பெயரிட்டனர். அதன் உடன்பிறப்பை இம்மலையில் காணும்போது, நாம் அயல்நாட்டில் நடக்கிறோம் என்னும் எண்ணம் சற்றே தளர்கிறது.

பின்னர் ஏற்றம் செங்குத்தாகிறது. பாறையில் வெட்டிய படிகள் தோன்றுகின்றன. அவற்றுள் பல, எண்ணற்ற கால்களும் குளம்புகளும் பட்டுத் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. பொதிமாடும் கழுதையும் சுமையோடு ஏறிய வழி இது. வழியருகே பாறையைக் குடைந்து நீர்த்தொட்டிகள் அமைத்திருக்கின்றனர். இப்பாறை மழைநீரைத் தன்னுள் எளிதில் தேக்கிக்கொள்வதில்லை. பெய்த நீர் அன்றே கடல்நோக்கி ஓடிவிடும். ஆகவே வழிப்போக்கருக்கும் விலங்குகளுக்கும் ஆண்டு முழுவதும் நீர் வேண்டுமெனில், கல்லிலே கலம் செய்து காப்பதன்றி வேறு வழியில்லை. இதனை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து செய்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால், கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு குடைவரை மண்டபத்தை அடைகிறோம். இதனைக் காண்பதற்கே இத்துணைத் தொலைவு ஏறி வந்தோம் எனலாம். மண்டபத்தின் இடச்சுவரிலும் வலச்சுவரிலும் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், நீண்டதொரு கல்வெட்டு உள்ளது. சாதவாகன மரபைச் சேர்ந்த சாதகர்ணியின் மனைவி நாகனிகை அதனைப் பொறிக்கச் செய்தாள் என்பர் அறிஞர். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்பது பலர் கருத்து. பின்சுவரில் அரச குடும்பத்தாரின் உருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன. இன்று உருவங்கள் சிதைந்துவிட்டன. அவற்றின் மேலே பொறித்த பெயர்களே அவை யாருடையவை என்பதைக் கூறுகின்றன.

கல்வெட்டின் தொடக்கத்தில் இந்திரன், சங்கர்ஷணன், வாசுதேவன், திங்கள், ஞாயிறு, திசைகாவலர் நால்வர் ஆகியோருக்கு வணக்கம் கூறப்படுகிறது. சங்கர்ஷணன் என்பவன் பலராமன். வாசுதேவன் என்பவன் கண்ணன். இவ்விருவரையும் வாலியோன், மாயோன் என்று நம் பழம்பாடல்களும் இணைத்தே போற்றும். பின்னர் அரச குடும்பத்தார் இயற்றிய வேள்விகளும், அவற்றில் வழங்கிய பசுக்களும் குதிரைகளும் யானைகளும் ஊர்களும் காசுகளும் கணக்கிட்டுக் கூறப்படுகின்றன.

கணக்கு என்று சொன்னோம். இக்கல்வெட்டை உலகெங்கும் அறியச் செய்தது அதுவேயாகும். இந்திய எண்குறிகளின் மிகப் பழைய வடிவங்களுள் சில இங்கே காணப்படுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பகவான்லால் இந்திரஜி, ஜார்ஜ் பியூலர் முதலிய அறிஞர் இவற்றை ஆராய்ந்து விளக்கினர். இங்குச் சுழியம் இல்லை. பத்துக்கு ஒரு குறி, நூற்றுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி எனத் தனித்தனியே உண்டு. நூற்றின் குறியோடும் ஆயிரத்தின் குறியோடும் சிற்றெண்களை இணைத்துப் பேரெண்களை அமைத்தனர். இம்முறை நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் கணக்கோலையில் ௰, ௱, ௲ என்று பத்தும் நூறும் ஆயிரமும் தனிக்குறிகளால் எழுதிவந்த முறையும் இத்தகையதே. பள்ளிச் சிறுவனொருவனை இச்சுவரின் முன் நிறுத்தி இதனை விளக்கினால், கணிதப் பாடத்தை அவன் பின்னர் ஒருபோதும் வெறுக்கமாட்டான்.

சாதவாகனருக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வளவில் நிற்பதன்று. பிற்காலச் சாதவாகன மன்னர் சிலர் தம் உருவம் பொறித்து வெளியிட்ட வெள்ளிக் காசுகளில், ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழை ஒத்த தென்மொழியும் காணப்படுகின்றன. சிலப்பதிகாரம் குறிப்பிடும் 'நூற்றுவர் கன்னர்' சாதவாகனரே என்று அறிஞர் பலர் கொள்வர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல், கல்யாணையும் பைட்டணையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது; அந்நூலே சேரநாட்டு முசிறியையும் புகழ்கிறது. கல்யாண் துறையில் இறங்கிய சரக்கு, நாணேகாட் ஏறி, ஜுன்னரைக் கடந்து பைட்டணை நோக்கிச் சென்றது.

மண்டபத்தைக் கடந்து உச்சியை அடைந்தால், வழியோரத்தில் பெரியதொரு கற்சாடியைக் காணலாம். கணவாயைக் கடந்த வணிகர் செலுத்திய சுங்கக் காசு இச்சாடியில் இடப்பட்டது என்பது ஊரார் வழிவழிக் கூறும் செய்தி. நாணேகாட் என்னும் பெயருக்கும் இதனையே காரணமாகக் காட்டுவர். சுங்கம் வாங்கிய அரசு அதற்கு ஈடாக வழியையும் நீரையும் காவலையும் அளித்தது. ஜீவ்தன், சாவண்ட், ஹட்சர், சிவனேரி என்னும் நான்கு கோட்டைகள் இவ்வழியைக் காத்து நின்றன.

உச்சிக்கு அப்பால் காட்கர் என்னும் மலையூர் உள்ளது. மகாதேவ் கோளி என்னும் பழங்குடியினர் இப்பகுதியில் நெல்லும் கேழ்வரகும் பயிரிட்டு வாழ்கின்றனர். கேழ்வரகை 'நாச்சணி' என்பர். அம்மாவில் தட்டிச் சுட்ட பாக்ரியை உண்ணும்போது நம் ஊர் அடை நினைவுக்கு வரும். வழி கேட்கும்போது முதியவரைக் 'காகா' என்றும், மூதாட்டியை 'ஆஜி' என்றும் அழைத்தால் அவர்கள் முகம் மலரக் காணலாம். மழைக்காலத்தில் இம்முகட்டில் வானம் பொத்துக்கொண்டு பெய்கிறது. கோடையிலோ குடிநீருக்கு நெடுந்தொலைவு அலைவது இத்தகைய மலையூர்களின் பழந்துயர். ஆதலின் அங்கே நீர் கேட்டு வாங்கும்போது அதன் அருமை அறிந்து வாங்குதல் வேண்டும்.

அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் ஜுன்னர் நகரம். அதனைச் சூழ்ந்த குன்றுகளில் 200-க்கும் மேற்பட்ட குடைவரைகள் உள்ளன. யவனர் மூவர் அளித்த கொடைகளை அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. கடல் கடந்து பொருள் தேட வந்தவர், வந்த இடத்தில் நீர்த்தொட்டியும் உணவுக்கூடமும் செய்து தந்து தம் பெயரை நல்வழியில் நிறுத்தினர். லேண்யாத்ரிக் குகையில் எட்டு விநாயகர் தலங்களுள் ஒன்று அமைந்திருக்கிறது. சிவனேரிக் கோட்டையில் 1630-இல் சத்ரபதி சிவாஜி பிறந்தார்.

இத்துணைப் பெருமை பெற்ற வழி ஏன் ஓய்ந்தது? போர் காட் மலையில் 1863-லும், தள் காட் மலையில் 1865-லும் ரயில் ஏறிற்று. பொதிமாடு சுமந்த சரக்கை இரும்புப் பாதை ஏற்றுக்கொண்டது. பின்னர் மால்ஷேஜ் மலையில் மோட்டார் சாலை அமைந்தது. நாணேகாட் வழியில் வணிகர் நடப்பது நின்று, காண வருவோர் நடப்பது மிகுந்தது.

இங்கேதான் நம் கவலை தொடங்குகிறது. 2,000 ஆண்டுகள் மழையையும் காற்றையும் தாங்கி நின்ற எழுத்து, மனிதனின் கையைத் தாங்குமா என்பது ஐயமே. சுவரில் ஒரு நாழிகை நின்றவர் தம் பெயரைக் கீறிவிட்டுச் செல்கின்றார். குகையில் அடுப்பு மூட்டினால் புகை எழுத்தை மறைக்கும். நீர்த்தொட்டியில் குப்பை எறிந்தால், அடுத்து வரும் வழிப்போக்கனின் நீரைக் கெடுத்தவராவோம். நாம் கொண்டு சென்றதை நாமே திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். எழுத்தைக் கண்ணால் காணலாம், கையால் தொடலாகாது.

பயணத்துக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழைக்காலத்தில் பள்ளத்தாக்கிலிருந்து பிளவின் வழியே சீறி எழும் காற்று, விழும் அருவியையே மேல்நோக்கித் தூக்கி எறியும். காண வியப்பான காட்சிதான்; ஆனால் அக்காற்றே மனிதனையும் நிலைதடுமாறச் செய்யும். பாறை வழுக்கும், விளிம்பருகே நிற்பது உயிருக்கு இறுதியாகும். காலையிலேயே புறப்படுதல், ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாத நீர், பிடிப்புள்ள காலணி, தனியே செல்லாமை, இருட்டுமுன் இறங்குதல் ஆகியன தவறாது கடைப்பிடிக்கத்தக்கவை.

அன்பர்களே! நமக்குமுன் எத்தனையோ பேர் பொருள் நாடி இம்மலையை ஏறினர். அவர்களுள் பலருடைய மொழி இந்நாட்டு மொழியன்று. அவர்கள் காலடி தேய்த்த படியிலேதான் நாமும் கால் வைக்கிறோம். அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள், ஊருக்கு ரயிலேறும் முன்னர், பிள்ளைகளோடு வைஷாகரேயில் இறங்குங்கள். அச்சுவரில் உள்ள எண்களை அவர்கள் விரல் நீட்டி எண்ணட்டும். பின்னர் "நாம் எந்த ஊரார்?" என்று அவர்கள் கேட்டால், இரண்டு ஊர்ப் பெயர்களைத் தயங்காமல் கூறலாம்.